ஒன்றரைக் கட்டை கீழே

கிற்றார் கம்பியை அவித்தால் கொஞ்ச நாளைக்குப் புதுக் கம்பி மாதிரிச் சத்தம் வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் ரொக் வாசித்த எல்லோருக்கும் இது தெரியும். வெளிநாட்டுச் சாமான் வராத காலம். ஒரு கம்பி அறுந்தால் கப்பலில் வேலை செய்கிற யாரையாவது பிடிக்க வேண்டும். அதனால் பழைய கம்பிகளைக் கழற்றி, பானையில் போட்டு, கொஞ்சம் வினாகிரி விட்டு அவிப்போம். அழுக்குக் கழன்று வரும். துடைத்துக் காய வைத்துத் திரும்பக் கட்டுவோம். மூன்று நான்கு தரம் அவித்த கம்பியை முழுச் சுருதிக்கு முறுக்கினால் படாரென்று அறுந்துவிடும். அதனால் கொஞ்சம் தளர்த்தியே கட்டுவோம்.

இந்தக் கம்பிக் கதையைச் சாட்டாக வைத்துத்தான் நாங்கள் எங்கள் பாட்டுக்காரனை ஏமாற்றினோம். அவனுடைய குரல் போய்விட்டது. அதில் என் பங்கு எவ்வளவு என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் ஆணியும் பிணைச்சலும் எடுத்துக் கொடுத்தவன் நான். பூசி மெழுகத் தெரியாது.

நாங்கள் நாலு பேர். பாட்டுக்காரனும் நானும் கொட்டாஞ்சேனை. இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு. அவன் கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் எழுதுவினைஞன். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த அக்கா ஒருத்திதான் கலியாணம் கட்டாமல் இருந்து அவனை வளர்த்தார். கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவில் பாடிப் பாடி வந்த குரல் அவனுடையது. முதல் கிற்றார் வாசித்தவன் வெள்ளவத்தைக்காரன், ரயில் தண்டவாளத்துக்கும் காலி வீதிக்கும் நடுவில் வீடு. ட்ரம்ஸ் அடித்தவன் கொம்பனித்தெரு மலாய்க்காரன். எங்கள் எல்லோரையும் விட நன்றாக வாசிக்கத் தெரிந்தவன், எங்கள் எல்லோரையும் விடக் குறைவாகக் கதைப்பவன். நான் பேஸ் கிற்றார். நல்லாக வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். சுருதி சேர்ப்பதில் மட்டும் என் காது சுத்தம். குழுவின் சுருதியை நான்தான் பார்ப்பேன்.

எங்கள் முதல் இசைத்தட்டில் நாலு தமிழ்ப் பாட்டு. நாலும் வேகம், நாலும் உச்சத்தில். மற்றவர்கள் கள்ளக் குரல் எடுக்கிற உயரத்துக்கு அவன் நெஞ்சுக் குரலோடு ஏறுவான். ஏறி நின்றுகொண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்பும் இசைத்தட்டில் பதிந்திருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகிற பஸ்ஸில் பள்ளிக்கூடப் பொடியன்கள் அந்த இடத்தைப் பாடிப் பார்த்துத் தோற்றுப் போவதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் பின் சீற்றில் இருந்திருக்கிறோம்.

பிறகு வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடு. இரண்டாவது பாட்டில், ஏற வேண்டிய இடத்தில், அவன் குரல் கிழிந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் பாடினான். திரும்பக் கிழிந்தது. மண்டபத்தின் பின்பக்கமிருந்து ஒருத்தன் கத்தினான், "சேவலுக்குத் தண்ணி குடுங்கடா." எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். மேடையில் இவனும் சிரித்தான். முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால், கழுவப் போட்டிருந்த சமையல் கிடாரங்களுக்கு நடுவில் குந்திக்கொண்டு என்னிடம் சொன்னான்: "விடப்போறன் மச்சான். இனி சேவல் கூவாது."

சும்மா சொல்கிறான் என்று நினைத்தேன். ஆனால் இரண்டு கிழமை அவன் ரிஹர்சலுக்கு வரவில்லை. இரண்டாவது இசைத்தட்டுக்கு ஸ்டூடியோவில் நாள் எடுத்தாயிற்று. அவன் இல்லாவிட்டால் நாங்கள் மூன்று பேரும் ஒன்றுமில்லை.

வெள்ளவத்தைக்காரன்தான் வழி சொன்னான். எல்லாக் கம்பியின் சுருதியையும் அரைக் கட்டை இறக்குவோம், அவனுக்குச் சொல்ல வேண்டாம், பாட்டு லேசாக வரும், நம்பிக்கை வந்ததும் திரும்ப ஏற்றிவிடுவோம் என்றான். கேட்டால் கம்பி பழசு என்று சொல்லலாம். எனக்கு அது கெட்டித்தனமாகப் பட்டது. மலாய்க்காரன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. குச்சியை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லிப் போடுவம்டா. பெரிய ஆம்பிளதானே, தாங்குவான்" என்றான். நாங்கள் இரண்டு பேர், அவன் ஒருத்தன். அவன் தோற்றான்.

இதை இரக்கம் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். பாதி இரக்கம். மீதி அந்த இசைத்தட்டு.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் ரிஹர்சல் பார்த்த மண்டபத்தில் ஒரு பியானோ இருந்தது. பியானோவை இறக்க முடியாது. ஆகவே மண்டபத்தை வேறு வேலைக்குக் கேட்கிறார்கள் என்று பொய் சொல்லி, ரிஹர்சலை வெள்ளவத்தைக்காரன் வீட்டுக் கராஜுக்கு மாற்றினோம். பாட்டுக்காரன் பஸ்ஸில் வந்து சேர முன்னமே நான் போய்க் கம்பிகளைத் தளர்த்தி வைப்பேன். சுருதி இறங்கியிருப்பது பாட்டுக்காரனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. அவன் வாத்தியம் வாசிக்கிறவன் இல்லை. சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே அளவு இறங்கி நின்றால், நடுவில் நிற்பவனுக்குத் தரை இறங்கியது எப்படித் தெரியும்?

முதல் நாள் அவன் பாடினான். கிழியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவனுடைய அக்கா அந்த நேரம் அவனுக்குக் காலையும் மாலையும் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். இஞ்சி தட்டிப் போட்டு, போத்தலில் விட்டுக் கந்தோருக்கும் கொடுத்தனுப்புவார். தொண்டை சரியாகிவிட்டது கொத்தமல்லியால்தான் என்று இவன் முடிவு கட்டிவிட்டான். வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் சொன்னான். வெள்ளவத்தைக்காரன் ஒருநாள் தும்மினதும், போத்தலை நீட்டி, "வெள்ளவத்தப் பொடியன்களுக்குக் கடல் காத்துப் பட்டாலே தடிமன். குடி மச்சான், அக்காட மருந்து" என்றான். வெள்ளவத்தைக்காரன் வாங்கிக் குடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்ப ஏற்றுவோம் என்றது நடக்கவில்லை. இரண்டு மாதத்தில் அரைக் கட்டை கீழேயும் குரல் கரகரத்தது. இன்னொரு அரைக் கட்டை இறக்கினோம். பிறகு இன்னொன்று. ஒன்றரைக் கட்டை கீழே இறங்கினபோது எங்கள் கிற்றார்கள் வேறு சாமான் ஆகிவிட்டன. என் பேஸ் கம்பி தொளதொளத்துப் போய், அடிக்கும்போதெல்லாம் மரத்தில் பட்டு உறுமியது. வேகமாக அடித்தால் ஒரு நோட்டும் தெளிவாக வராது. ஆகவே மெதுவாக அடித்தோம். மலாய்க்காரன் ட்ரம்ஸ் தோலையும் தளர்த்தினான். எல்லாப் பாட்டும் பாரம் இழுக்கிற மாடு மாதிரி வந்தது. பாட்டுக்காரனுக்கு அது பிடித்துப் போனது. "இப்பதான்டா ரொக். முந்தி அடிச்சது பிறந்தநாள் பாட்டு" என்றான். புதுப் பாட்டுகளையும் அந்த இழுவையிலேயே கட்டினான். கரகரப்பையும் வேண்டுமென்றே எடுப்பது போல எடுத்தான். உண்மையில் அவனுக்கு அதைத் தவிர வேறு குரல் மிச்சமில்லை.

ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்தவர் வயதான சிங்களவர். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வாசிக்கும்போது அவர் அந்தப் பக்கம் தன் சின்ன ஓர்கனில் ஒரு கட்டையைத் தட்டிப் பார்ப்பதைக் கண்டேன். ஓடி அவருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாரும் ஒரே மாதிரிச் சுருதி இறங்கி நிற்கிறீர்களே, ஏன் என்று சிங்களத்தில் கேட்டார். கம்பி பழசு மஹத்தயா என்றேன். அவர் நம்பவில்லை. நாற்பது வருடம் குரல்களைக் கேட்ட காது அது. கண்ணாடிக்கு அப்பால் வியர்த்துக்கொண்டு நின்ற பாட்டுக்காரனைக் காட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, அவரைக் கூட்டிப் போய் டொக்டருக்குக் காட்டினீங்களா?"

தடிமன் என்று சொன்னேன்.

அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பெயர் தெரியாது, நோய் என்று தெரியும். அன்று பின்னேரம் அவனோடு ஒரே பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்தேன். இசைத்தட்டு அட்டையில் என்ன படம் போடலாம் என்று கதைத்துக்கொண்டு வந்தான். நானும் அட்டையைப் பற்றியே கதைத்தேன்.

இசைத்தட்டு வெளிவந்தது. பழைய ஆட்கள் திட்டினார்கள். முகத்துவாரத்தில் ஒரு கலியாண வீட்டில் மூன்றாவது பாட்டோடு நிறுத்தச் சொன்னார்கள். பொம்பிளையின் தகப்பன் மேடைக்கே வந்து, இது கலியாண வீடு தம்பிமாரே, செத்த வீடில்லை என்றார். ஆனால் ஒரு வாரப் பத்திரிகையில் எங்களைப் புகழ்ந்து ஒருத்தர் எழுதினார். இளமைத் துள்ளலை விட்டு இருளுக்குள் துணிந்து இறங்கியிருக்கிறார்களாம். நாங்கள் முதிர்ந்துவிட்டோமாம். இவன் அந்தத் துண்டை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். எனக்கு அந்த எழுத்தாளரைத் தேடிப் போய் அறைய வேண்டும் போல இருந்தது. அவர் மேல் என்ன பிழை? கேட்டதை எழுதினார். அறைய வேண்டியது கம்பியைத் தளர்த்திய என் கையைத்தான்.

கொட்டாஞ்சேனையில் கோவில் பெருநாள் வந்தது. ஒவ்வொரு வருடமும் அன்று காலைப் பூசையில் ஒரு கீதத்தை இவன் தனியாகப் பாடுவான். பன்னிரண்டு வயதிலிருந்து பாடுகிறான். தாழ்வாகத் தொடங்கிப் படி ஏறுகிற மாதிரி மேலே போகிற கீதம். நான் சைவம், ஆனாலும் வருடா வருடம் அதைக் கேட்கப் பக்கக் கதவடியில் போய் நிற்பேன். அன்றைக்குப் போக வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போனேன். கோவிலில் இருந்தது ஓர்கன். அதன் சுருதியை யாரும் இறக்க முடியாது.

முதல் அடி பாடினான். இரண்டாவது அடியில் குரல் ஏறவில்லை. கிழியக்கூட இல்லை, வெறும் காற்று வந்தது. ஓர்கன் அவனை விட்டுவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. பாடகர் குழுவில் நின்ற அக்கா சட்டென்று அந்த அடியை எடுத்துப் பாடி மூடினார். பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இவன் கீதப் புத்தகத்தைப் பார்த்தபடியே நின்றான். பூசை முடிய முன்னம் நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஞாயிறு. கராஜுக்கு எல்லோருக்கும் பிந்தி வந்தான். பாடகர் குழு ஆசிரியரிடம் சுருதி பார்க்கிற சின்ன ஊதல் ஒன்று இருக்கும், அதை வாங்கி வந்திருந்தான். எனக்கு முன்னால் வந்து நின்று, அதை ஒருதரம் ஊதினான்.

"அடி," என்றான்.

நான் அடித்தேன். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கராஜுக்குள் நின்றன.

வெள்ளவத்தைக்காரன் தொடங்கினான், "கம்பி பழசு மச்சான், இழுத்தால்..."

"உன்கிட்ட கேக்கல. இவன்கிட்ட கேக்கிறன். எவ்வளவு நாளா?"

"அந்தக் கலியாண வீட்டுக்குப் பிறகு," என்றேன்.

அவன் மாதங்களை விரல் விட்டு எண்ணினான். எட்டு விரல். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ சந்தேகம் தீர்க்கிறவன் மாதிரிக் கேட்டான்.

"அப்ப கொத்தமல்லி?"

மலாய்க்காரன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் ஒன்று போனது. பிறகு அவன் ஊதலைப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகப் போவதாகவும் அக்காவிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் பார்த்துவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே புற்றுநோய், குரல்வளையை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுக்காவிட்டால் ஆறு மாதம். இதைக் கேட்கும்போது நானும் அக்காவும் கதவுக்கு வெளியே நின்றோம். குரல் அடைத்து எவ்வளவு நாள் என்று டொக்டர் வெளியே வந்து கேட்டதற்கு அக்கா, முந்தி அடைத்தது கொத்தமல்லியில் மாறிவிட்டது, திரும்பப் பெருநாளன்றுதான் தெரியும் என்றார். டொக்டர் நல்ல மனுஷன், ஆனால் ஒளித்துக் கதைக்கத் தெரியாதவர். கொஞ்ச மாதம் முந்தி வந்திருந்தால் கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சுப் பிடித்தே மாற்றியிருக்கலாம், குரல் தப்பியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

வெட்டி எடுத்தார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை. அதற்கு மேல் அவன் ஒரு சொல் கதைக்கவில்லை. ஒரு கொப்பியில் எழுதிக் காட்டுவான்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ கட்டிலடியில் நாங்கள் மூன்று பேர். அவன் சாய்ந்து படுத்திருந்தான், கொப்பி வயிற்றின் மேலே. அக்கா தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார், அவனால் விழுங்க முடியாது என்பதை மறந்து. திடீரென்று கையை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, நீங்க கிழமைக்கு மூணு நாள் அவனோட பாடினீங்களே. உங்க ஒருத்தருக்கும் தெரியலயா?"

நான் சொன்னேன், "இல்லக்கா."

சொல்லிவிட்டு அவனைப் பார்த்தேன். பேனை அவன் கையில் இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வரி எழுதினால் போதும். எழுதவில்லை. பேனையை மூடிப் பக்கத்தில் வைத்தான்.

அவன் அப்படி ஏன் செய்தான் என்று எனக்கு இன்று வரை தெரியாது. மன்னித்தான் என்று சொன்னால் அது எனக்கு வசதி. அக்காவுக்கு நோகும் என்று நினைத்திருக்கலாம். என்னோடு கதைத்துப் பிரயோசனமில்லை என்றும் நினைத்திருக்கலாம். அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தான். கந்தோரில் அதே கதிரையில் வேலை செய்தான். நான் போனால் கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவான், படம் பற்றி எழுதுவான். சுருதியைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. பாட்டு வீட்டில் வைக்கவில்லை. நாலாம் வருடம் நோய் திரும்பி வந்தது.

எண்பத்து மூன்று இனக் கலவரத்தில் வெள்ளவத்தை வீட்டோடு கராஜும் கிற்றார்களும் எரிந்து போயின. வெள்ளவத்தைக்காரன் குடும்பத்தோடு வெளிநாடு போனான். ஒருதரம் கடிதம் போட்டான், நான் பதில் எழுதவில்லை. மலாய்க்காரன் ஹோட்டல்களில் அடித்துக்கொண்டிருந்துவிட்டு மாரடைப்பில் போனான். சாகும் வரைக்கும் என்னோடு அந்தக் கதை எடுத்ததில்லை. நான் எங்கேயும் போகவில்லை. கடை, வீடு, இரண்டு ஒழுங்கை தள்ளி அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். பல்ப் மாற்றிக் கொடுப்பேன், மருந்து வாங்கிக் கொடுப்பேன். என் பிள்ளைகளுக்கு அவர்தான் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். தேத்தண்ணி தருவார், இருந்து குடிப்பேன். பாவத்துக்குப் பதிலாகச் செய்ததா, பழக்கத்தில் செய்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போன மாதம் வானொலியில் பழைய தமிழ் ரொக் பற்றி ஒரு நிகழ்ச்சி போனது. எங்கள் இரண்டாவது இசைத்தட்டைப் போட்டார்கள். கதைத்தவருக்கு என் மகனின் வயதுகூட இராது. தங்கள் சத்தத்தையே உடைத்து மாற்றத் துணிந்த முதல் குழு என்று எங்களைச் சொன்னார். ஞாயிறு நான் போனபோது அக்கா அதைக் கேட்டிருந்தார். எண்பத்தைந்து வயது. சந்தோஷத்தோடு தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். "என்ட தம்பி துணிஞ்சவன், என்ன? ஆக்கள் சொல்றதப் பாத்தீங்களா," என்றார். பிறகு முகம் மாறி, எப்போதும் சொல்வதைச் சொன்னார். தான்தான் கவனிக்காமல் விட்டேனாம். டொக்டரிடம் கொண்டு போகாமல் கொத்தமல்லி அவித்தேனாம்.

இதை நான் நாற்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு தரமும், அப்படி நினைக்காதீங்கக்கா என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவேன். அன்றைக்கு முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, கராஜ், ஓர்கன் தட்டிய கிழவர், பஸ்ஸில் வந்த அந்த ஒரு மணித்தியாலம், கட்டிலடியில் சொன்ன பொய்.

கடைசியில் அக்கா கேட்டார், "எட்டு மாசமா?"

"ஓமக்கா."

"ஒவ்வொரு பெருநாளைக்கும் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில இதச் சொன்னன் தம்பி. என்ட கவனக்குறைவு எண்டு. எத்தன சாமிமார் மாறிட்டாங்க. எல்லாருக்கும் சொன்னன்." அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒன்றைத் திருத்துகிற குரலில் சொன்னார். "நீங்க இஞ்ச உக்காந்து தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

நான் எழுந்தேன். அவரும் சுவரைப் பிடித்து எழுந்து கதவு வரைக்கும் வந்தார்.

"இனி வர வேணாம் தம்பி," என்றார்.

நாலு ஞாயிறு ஆகிவிட்டது. நான் போகவில்லை. மருந்தை யார் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.